மட்கார்டின் மறுமுனை

அத்தியாயம் 5

இந்தத் திருடனுக்கு ஒன்று புத்தி இல்லை, இல்லாவிட்டால் இவன் திருடனே இல்லை. காலியாகக் கிடந்த கராஜின் நடுவில் நின்றுகொண்டு, இரண்டில் எது என்று ஈவா ராடெக் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திருட்டுப் போனது ஐம்பத்தைந்தாம் வருடத்து செவர்லே கார். கெரிட் டைக்மன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் கடைசி மூன்று குளிர்காலங்களையும் அதற்குத் தாரைவார்த்துவிட்டு, கார் முடியுமுன் தான் முடிந்துபோனார். அவர் போன ஆறே மாதத்தில் காரும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலை மனைவி டீனா சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ கராஜைத் திறந்து, காரை டிரெய்லரில் ஏற்றி, போகும்போது கதவையும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டில் ஒரு கீறல் இல்லை.

ஞாயிறன்று வேலை செய்வதே பாவம் என்று நம்பும் வெஸ்டர்ஹேவனில் அன்று புல் வெட்டும் மெஷினைக் கிளப்பினாலே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்பேர்ப்பட்ட ஊரில் ஞாயிறு பார்த்துத் திருட உள்ளூர்க்காரனுக்கு எங்கிருந்து துணிச்சல் வரும், ஆகவே இது வெளியூர்க் கும்பலின் வேலை என்று ஷெரீப் அலுவலகம் கையைக் கழுவிக்கொண்டது. டீனாவுக்கு அந்தப் பதில் இறங்கவில்லை. பக்கத்து நகரமான கிராண்ட் ராபிட்ஸில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த ஈவாவை வரவழைத்தார். எவனாக இருந்தாலும் அவன் கம்பி எண்ண வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

"பாஸ், இங்க பாருங்க" என்றான் டெஸ். டெஸ்மண்ட் பூல் ஈவாவின் உதவியாளன். இந்தத் தொழிலுக்கு வருமுன் பழைய கார்களுக்கு டிங்கரிங் செய்துகொண்டிருந்தவன். வாய் மட்டும் அப்போதிலிருந்தே ஓய்ந்ததில்லை.

சுவரோரம், மெழுகுத்தாளில் சுற்றியபடி, புத்தம் புதிதாகக் குரோம் பூசிய இரண்டு பம்பர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நீளமான ஒரு அட்டைப்பெட்டி இருந்ததற்கான தூசித் தடம் மட்டும் தரையில் தெரிந்தது. காரில் வலது பக்க மட்கார்டு மாட்டியாகிவிட்டது, புதிய இடது பக்க மட்கார்டு அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று டீனா நேற்றே சொல்லியிருந்தார்.

"நகையை விட்டுட்டு, நகைப் பெட்டிக்கு அடியில இருந்த அட்டையை எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றான் டெஸ். "பம்பரை இந்த நிமிஷம் வித்தா நல்ல காசு. அந்த மட்கார்டு இருக்கே, அது சும்மா குடுத்தாக்கூட எவனும் வாங்க மாட்டான்."

"ஏன், புதுசுதானே?"

"புதுசு. அதான் கஷ்டமே."

பழைய காரின் தகரத்தை, பனி உருகச் சாலையில் போடும் உப்பு தின்றுவிடுகிறது. அசல் பாகம் கிடைக்காது. அதனால் எங்கேயோ ஒரு பட்டறையில் அச்சடித்த நகல் பாகத்தை வாங்குகிறார்கள். பார்க்க அப்படியே இருக்கும். வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் சுயரூபம் தெரியும். போல்ட் ஓட்டைகள் பாதி ஓட்டை தள்ளி நிற்கும். கதவுக்கும் அதற்கும் நடுவில் மேலே கட்டை விரல் நுழையும், கீழே பெயிண்ட் உரசும். கீழே சரிசெய்தால் மேலே வாயைப் பிளக்கும். மாட்டிப் பார்த்து, கழற்றி, ஓட்டையை அரத்தால் இழுத்து, அடியில் மெல்லிய பேக்கிங் தகடு வைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி என்று மனிதனின் ஆயுசை வாங்கிவிடும் வேலை அது.

"'கொஞ்சம் பொருத்த வேண்டியிருக்கலாம்'னு பெட்டி மேலேயே போட்டிருப்பான் பாஸ். வீடு விக்கிறவன் 'கொஞ்சம் பெயிண்ட் அடிக்கணும்'னு சொல்வான் பாருங்க, அந்த மாதிரி. உள்ள போய்ப் பார்த்தா கூரையே இருக்காது."

ஆக, வந்தவன் விற்பதற்காக எடுக்கவில்லை. விற்பவன் பம்பரை விட மாட்டான், மட்கார்டைத் தொட மாட்டான். இவன் அந்தக் காரை முடிக்க விரும்புகிறவன். ஈவா இந்த முடிவுக்கு வந்துவிட்டாள். அதற்கு மேல்தான் வண்டி நகரவில்லை.

மூலையில், கழற்றிப் போட்ட பழைய இடது மட்கார்டு சல்லடையாகக் கிடந்தது. அதைத் தூக்கி, கார் அங்கே நிற்பதாக நினைத்து மாட்டிக் காட்டும்படி ஈவா சொன்னாள். டெஸ் முனகிக்கொண்டே தூக்கினான். ஆள் நீளத்துக்கு இருந்த தகரத்தை ஒரு கையால் முன்பக்கமும் மறு கையால் பின்பக்கமும் அணைத்துப் பிடித்து, முகவாயை மேலே வைத்து அழுத்திக்கொண்டான்.

"இப்ப போல்ட்டைப் போடு."

"எதால போடறது, பல்லாலயா?"

"ஜாக்கி வெச்சுத் தாங்கலாமா?"

"ஒரு தடவை தாங்கலாம். இது அம்பது தடவை மாட்டிக் கழட்டற வேலை. ஒருத்தர் அந்த முனையைப் பிடிச்சுட்டு 'இன்னும் ஒரு நூல் மேல, இன்னும் ஒரு நூல்'னு சொல்லிட்டே இருக்கணும். இல்லைன்னா வலது பக்கமும் இன்னிக்கு வரைக்கும் பெட்டியிலதான் இருந்திருக்கும். கீழ வெச்சிடவா பாஸ், எனக்கும் ஒரு முதுகுதான் இருக்கு."

ஈவா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கராஜின் ஒரே ஜன்னல், கண்ணாடி முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியபடி, வீட்டுச் சமையலறையைப் பார்த்திருந்தது. வலது மட்கார்டு மாட்டியாகிவிட்டது என்றால், அதன் மறுமுனையைப் பிடித்தது யார்?

டீனா டைக்மன் காப்பிப் பாத்திரத்தோடு வந்தார். எழுபதை ஒட்டிய வயது, நெட்டையான உடம்பு, சிரித்துப் பழக்கமில்லாத வாய். கணவருக்கு யாராவது உதவிக்கு வருவார்களா என்று ஈவா கேட்டதற்கு, ஒருவரும் வந்ததில்லை என்று சட்டென்று சொன்னார். கெரிட்டுக்கு மனிதர்கள் ஆகாது. சனிக்கிழமை காலை உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இருட்டிய பிறகுதான் வருவார். கராஜுக்குள் வர வேண்டாம் என்று மனைவிக்கும் உத்தரவு. சாப்பாட்டைக்கூட வாசல்படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"கோபமா இருந்ததா உங்களுக்கு?" என்று ஈவா கேட்டாள்.

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் அந்தச் சுத்தியல் சத்தமே துணைன்னு ஆயிடுச்சு. ஜன்னல்கிட்ட உக்காந்து பின்னல் போட்டுட்டு கேட்டுட்டே இருப்பேன். தட்டுறாரு, நிறுத்துறாரு, மறுபடி தட்டுறாரு. இங்க நான் தனியா இருக்கேன், அங்க அவர் தனியா இருக்காருன்னு ஒரு ஆறுதல்." டீனா காப்பியை ஊற்றினார். "எனக்குச் சேர வேண்டிய மூணு குளிர்காலத்தை அந்தக் காருக்குக் குடுத்தாரு. அதனால அது எனக்கு வேணும். அவரோட பங்குல எனக்கு மிஞ்சினது அதான்."

ஈவாவுக்கு அந்த ஆறுதல் புரிந்தது. அவளும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ரேடியோவை அணைப்பதில்லை. திரும்பி வந்து கதவைத் திறக்கையில் யாரோ பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது.

"வாசல்படியில என்ன சாப்பாடு வெப்பீங்க?"

"பன்றி இறைச்சி சாண்ட்விச். கடுகு நிறையத் தடவணும்." டீனாவின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "வாரம் பூரா கோழி மாதிரி கொறிப்பாரு. சனிக்கிழமைன்னா மட்டும் ரெண்டு பங்கு கேப்பாரு. தட்டு காலியா திரும்பி வரும்."

டெஸ் குடித்துக்கொண்டிருந்த காப்பியை நிறுத்திவிட்டு ஈவாவைப் பார்த்தான். ஈவா அவன் பக்கம் திரும்பவில்லை. வேலை மேஜையின் இடுக்கில் விரலை விட்டு, அங்கே சேர்ந்து கிடந்த தகரத் துணுக்குகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். மட்கார்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தகடுகளை வெட்டியதில் மிஞ்சிய கழிவு. ஒரு பக்கம் வெறும் தகரம், மறுபக்கம் நீலமும் வெள்ளையுமாக அச்சடித்த பூ வேலை. பெப்பர்மின்ட் டப்பாவைக் கத்தரித்திருக்கிறார்கள்.

"உங்க வீட்டுல பெப்பர்மின்ட் நிறையச் செலவாகுமோ?"

"பிரசங்கத்துக்கு ஊரே அதைத்தான் வாயில போட்டுட்டு உக்காந்திருக்கும். எங்க வீட்டுல மட்டும் கிடையாது. கெரிட்டுக்குச் சர்க்கரை. நானும் விட்டுட்டேன்."

"ஒரு டப்பாகூட?"

"எட்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ள இனிப்புன்னு ஒண்ணு வந்ததில்லை" என்றார் டீனா. பிறகு ஈவாவின் கையிலிருந்த நீலத் துணுக்கைப் பார்த்தார். பார்த்துவிட்டு, காப்பி ஆறிவிடும் என்று மட்டும் சொன்னார்.

ஊர் பேக்கரியில் பாதாம் விழுது அடைத்த ரொட்டியை டெஸ் விசாரணையின் ஒரு பகுதியாகவே கருதினான். இரண்டாவது துண்டோடு அவன் விசாரணை சூடுபிடித்தது. ஜன்னலுக்கு வெளியே, ஒரே தெருவின் இரண்டு பக்கமும், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு சர்ச்சுகள் நின்றன. ஒரே பாட்டு, ஒரே ஜெபம், ஒரே நேரம். முன்பு ஒன்றாக இருந்த சபை இருபது வருஷத்துக்கு முன் இரண்டாக உடைந்தது. எதற்காக என்று கேட்டால் இன்று பாதிப் பேருக்குக் கோவையாகச் சொல்ல வராது. ஆனால் அந்தப் பக்கம் போனவர்களோடு இந்தப் பக்கத்தார் பேசுவதில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்.

"கடவுள் ஒருத்தர்தான் பாஸ்" என்றான் டெஸ். "பார்க்கிங்தான் ரெண்டு."

பேக்கரிக்காரப் பெண்மணி கிழக்குப் பக்கத்து சர்ச்சைச் சேர்ந்தவர், அதாவது டீனாவுக்கு எதிர்ப்பக்கம். கெரிட் மனைவியிடமே மறைத்த கூட்டாளி அந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஈவாவுக்குப் பட்டது. டைக்மன் வீட்டில் கார் போன ஞாயிறன்று உங்கள் சர்ச்சுக்கு யாராவது வராமல் இருந்தார்களா என்று ஈவா விசாரித்தாள். இதென்ன கேள்வி என்று அந்தப் பெண்மணி ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் வராதவர்களை நினைவு வைத்திருப்பது எந்தச் சபைக்கும் தனிச் சுகம்.

"வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கிறவரே அன்னிக்கு வரலை. நாங்களே கதவைத் திறந்துக்கிட்டோம். சம்சாரம் வில்மாவை அடக்கம் பண்ணின வாரம்கூட வந்து நின்னு எல்லாருக்கும் கை குடுத்த மனுஷன். உடம்பு சரியில்லையோன்னு நான் சூப் கொண்டுபோனேன். வாசல்லயே வாங்கிட்டு அனுப்பிட்டாரு."

"அவர் பெப்பர்மின்ட் சாப்பிடுவாரா?"

"வாரம் தவறாம இங்கதான் ஒரு டப்பா வாங்குவாரு. எதுக்குக் கேக்குறீங்க? ஹார்ம் டைக்மன் ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவரு."

டைக்மன் என்ற பெயர் காதில் விழுந்ததும் டெஸ்ஸின் மூன்றாவது துண்டு பாதி வழியில் நின்றது. மீதியை அந்தப் பெண்மணி கேட்காமலே கொட்டினார். கெரிட்டும் ஹார்மும் கூடப் பிறந்தவர்கள். டீனாவும் வில்மாவும் கூடப் பிறந்தவர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் அக்கா தங்கை இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு, சபை உடைந்தபோது ஆளுக்கொரு பக்கமாய்ப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன் தங்கை வில்மா செத்தபோது, டீனா தெரு முனை வரை வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம்.

அந்தத் தெரு முனையை ஈவா ஜன்னல் வழியே பார்த்தாள். கல்லறைக்குப் போகும் வழி அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. தொழிலில் எத்தனையோ பேர் அவளிடம் எதை எதையோ மறைத்திருக்கிறார்கள். ஆனால் தனக்கு ஒரு மைத்துனர் இருப்பதையே டீனா சொல்லாமல் விட்டது மறைப்பு அல்ல. அவர் கணக்கில் அப்படி ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். இருபது வருஷம் ஒருவரை இல்லையென்று நினைக்கப் பழகினால் கேள்வி கேட்டாலும் பெயர் நினைவுக்கு வராது.

ஹார்ம் டைக்மனின் வீட்டுக்கு ரோடு வழியாகப் போனால் சுற்று. பின்பக்கமாகப் பார்த்தால் இரண்டு சகோதரர்களின் நிலமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் செலரிக் கீரை அறுத்து முடித்த கறுப்பு வயல். அதன் ஓரத்தில், கெரிட்டின் கராஜ் பின்கதவிலிருந்து ஹார்மின் மரக்கொட்டகை வரைக்கும், ஒரு ஒற்றையடித் தடம் உழவுக்குத் தப்பி நீண்டிருந்தது.

"வருஷா வருஷம் இந்த ஒரு துண்டை மட்டும் உழாம விட்டிருக்காங்க" என்றான் டெஸ்.

கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே செவர்லே நின்றது. வலது பக்கம் கண்ணைப் பறித்தது. மட்கார்டும் கதவும் சேரும் கோடு மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்தாற்போல் ஓடியது. இடது பக்கம் வேறு கதை. உத்தரத்திலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கின. அவற்றில் மட்கார்டைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முனையைத் தோளால் தாங்கிக்கொண்டு, கிழவர் ஒருவர் போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கயிறு ஆடியது, ஓட்டை நகர்ந்தது, போல்ட் கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுத்து முதலிலிருந்து தொடங்கினார்.

டெஸ் எதுவும் கேட்காமல் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். பயப்படவில்லை.

"ஷெரீப் ஆளுங்களா?"

"இல்ல. டீனா அனுப்பினவங்க" என்றாள் ஈவா.

அந்தப் பெயர்தான் அவரை உட்கார வைத்தது. மட்கார்டைக் கயிற்றிலேயே விட்டுவிட்டு ஒரு கவிழ்த்த கூடையில் அமர்ந்தார். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். ஆமாம், தான்தான் எடுத்தது. சாவி பின்கதவு நிலைக்கு மேல் எப்போதும் இருக்கும். டிரெய்லர் தன்னுடையது. பம்பர் மாட்டுவது கடைசி வேலை என்பதால் அதை விட்டுவிட்டார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரம் ஞாயிறு காலை ஒன்றுதான், அதனால் அன்று ஜெபத்துக்குப் போகவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தாழ்ந்தது. காரை எடுத்ததைவிட அதுவே பெரிய பாவமாக அவருக்குத் தோன்றியது போலும்.

"கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றாள் ஈவா. "அவங்க வீடு இந்த வயலுக்கு அந்தப் பக்கம்தானே?"

"எப்படிம்மா கேக்கறது? கேக்கணும்னா மொதல்ல பேசணும். பேசினா, கெரிட்டும் நானும் மூணு வருஷமா சேர்ந்திருந்தோம்னு சொல்லணும்."

பிறகு அவர் சொன்னதை ஈவா எதிர்பார்க்கவில்லை. இரண்டு சகோதரர்கள் ஒளிந்து சந்தித்ததை அவள் பேக்கரியிலேயே ஊகித்துவிட்டாள். எதற்காகச் சந்தித்தார்கள் என்பதைத்தான் அவள் தப்பாகப் போட்டிருந்தாள். காருக்காக என்று நினைத்திருந்தாள். கார் வெறும் சாக்கு.

இதே மாதிரி ஒரு செவர்லேயில்தான் அந்தக் காலத்தில் நால்வரும் ஏரிக்குப் போவார்கள். அண்ணன் கெரிட் ஓட்டுவார், டீனா பக்கத்தில், தம்பியும் வில்மாவும் பின்னால். துருவேறிப்போன அதே மாதிரி வண்டி ஒன்று கெரிட் கண்ணில் பட்டபோது, வயலைக் கடந்து தம்பி வாசலில் வந்து நின்றாராம். இதை முடிப்போம், முடித்து இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரு ஞாயிறன்று இரண்டு சர்ச்சுக்கும் நடுவில் தெருவோடு ஓட்டிப் போவோம், எவன் என்ன பேசுவான் பார்ப்போம் என்றாராம். பெண்களுக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது, வண்டி வாசலுக்கு வரும்போதுதான் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

"மொத குளிர்காலத்துலயே இன்ஜின் ஓடிச்சு. ஓட்டிட்டுப் போயிருக்கலாம். இந்த இடது மட்கார்டு மட்டும் சேரலை, மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டிப் பெட்டிக்கே திரும்பப் போச்சு. கெரிட் சொன்னான், இப்படிப் பல்லிளிச்சுட்டு நிக்கிற வண்டியில அவங்களைக் கூட்டிட்டுப் போறதா, இடுக்கு சரியாகட்டும், அப்புறம் சொல்லலாம்னு. நானும் சரின்னேன். அடுத்த வாரம் சரியாயிடும்னு தோணும். மேல சேர்ந்தா கீழ உரசும். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போயிட்டே இருந்துச்சு." ஹார்ம் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அடுத்த குளிர்காலம் வில்மா போயிட்டா. பதினஞ்சு நாள் காய்ச்சல், அவ்ளோதான்."

"அப்பவாவது டீனாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அப்ப எப்படிச் சொல்றது? ஒரு வருஷமா நாங்க சிரிச்சுப் பேசிட்டிருந்தோம், நீ மட்டும் உன் தங்கச்சி முகத்தைப் பார்க்காம விட்டுட்டேன்னா? கெரிட்டுக்கு வாய் வரலை. எனக்கும் வரலை. வண்டியை முடிச்சுட்டு அதைக் காட்டிச் சொன்னாலாவது தாங்குவாளோன்னு திரும்பவும் சுத்தியலை எடுத்தோம். இப்ப அவனும் போயிட்டான். முடிச்சு அவ வாசல்ல நிறுத்திட்டு வந்துடலாம்னுதான் எடுத்தேன். ஒத்தையாளா முடியலை."

துப்பு துலங்கிவிட்டால் ஈவாவுக்கு வழக்கமாக ஒரு சந்தோஷம் வரும். இன்று வரவில்லை. வயலைக் கடந்து டீனாவின் சமையலறைக்குத் தனியாகவே போனாள். டெஸ் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஹார்மோடு நின்றுவிட்டான்.

டீனா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டார். ஈவா எதையும் மழுப்பவில்லை. இரண்டு பங்கு சாண்ட்விச் யார் யார் வயிற்றுக்குப் போனது என்பதையும், பின்கதவுத் தடத்தையும், ஏரிக்குப் போன நால்வரையும், இடுக்கையும், வில்மாவையும் வரிசையாகச் சொன்னாள்.

முடிந்ததும் டீனா கேட்டார். "அப்போ அந்தச் சத்தம், ரெண்டு பேர் தட்டினதா?"

"ஆமா."

"நான் ஒரு ஆளுன்னு நினைச்சு உக்காந்திருந்தேன்."

அவர் அழவில்லை. கோபம்தான் வந்தது. செத்துப்போன கணவர் மேல் வந்த கோபம், காட்ட இடமில்லாமல், மேஜை விரிப்பை இழுத்து இழுத்து நேர்செய்தது. விதியை மதித்து நடந்தவள் நான் ஒருத்திதான் என்றார். சபை பேசாதே என்றதும் பேசாமல் இருந்தேன், தங்கையின் பெட்டி போனபோது தெரு முனையோடு நின்றேன், அவர் வந்து வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்து அழைத்துவந்தார், அந்தச் சனிக்கிழமையும் இரண்டு பங்கு கேட்டார், வைத்தேன் என்றார். ஷெரீப்புக்குப் போன் செய்யட்டுமா என்று ஈவா கேட்டாள். டீனா எழுந்து, கோட்டையும் கையுறையையும் மாட்டி, கெரிட் வெளியே வராமல் ஒளிந்த அந்தக் கராஜுக்குள் நுழைந்து, அதன் பின்கதவைத் திறந்தார். தடத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு சர்ச்சுக்குப் போகும் செருப்போடு அந்தக் கறுப்பு மண்ணில் இறங்கினார். ஈவா பின்னால் நடந்தாள்.

கொட்டகையில் டெஸ்ஸும் ஹார்மும் மட்கார்டை மாட்டி முடித்திருந்தார்கள். டீனாவைப் பார்த்ததும் ஹார்ம் தொப்பியைக் கழற்றினார். இருபது வருஷத்தில் இரண்டு பேருக்கும் வயதாகியிருந்தது. அதை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"ஷெரீப்பைக் கூப்பிட்டுக்க டீனா. நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

டீனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். எந்த இடம் என்று கேட்டார். ஹார்ம் விரலால் காட்டினார். கதவும் மட்கார்டும் சேரும் கோட்டில், மேலே, ஒரு நெல்மணி அளவுக்கு இடுக்கு அகலமாக இருந்தது. டீனா கையுறையைக் கழற்றி, விரல் நுனியை அதில் வைத்து, மெதுவாகக் கீழ்வரை இழுத்துப் பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான்" என்றார் ஹார்ம். "அப்ப இன்னும் கொஞ்சம் கூட இருந்துச்சு."

டீனா விரலை எடுக்கவில்லை.

"வில்மாவுக்குக் கண்ணே சரியாத் தெரியாது, ஹார்ம். கண்ணாடியும் போட மாட்டா, மூஞ்சி கிழவி மாதிரி ஆயிடும்னு. உனக்குத் தெரியாதா? பக்கத்துல வந்து நின்னாலும் அது காரா மாடான்னுதான் கேட்டிருப்பா." டீனாவின் குரல் அங்கேதான் உடைந்தது. "இந்த இடுக்கை அவ பார்த்திருக்கவே மாட்டாளேடா."

ஹார்ம் கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.